ஊற்று நீரைக் குடிக்கலாமா?

மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, பாறை இடுக்குகள் வழியே நகர்ந்து, சரிவில் ஓரிடத்தில் தானாகவே வெளிப்பட்டால் அது ஊற்று. அதற்கு மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஆழ்துளைக் கிணறு போடும் செலவும் இல்லை. மலை நாடுகளில் ஊற்று இருக்கும் இடம் பார்த்தே ஊர்கள் அமைந்ததற்கு இதுவே காரணம். நிதி ஆயோக் 2018இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் ஏறத்தாழ 50 லட்சம் ஊற்றுகள் இருப்பதாகவும், அவற்றில் சுமார் 30 லட்சம் இமயமலைப் பகுதியில் மட்டும் இருப்பதாகவும் மதிப்பிட்டது. உத்தராகண்ட் மலைக் கிராமங்களில் 'நௌலா' என்னும் கல் மண்டபத் தொட்டிகளும், 'தாரா' என்னும் நீர்த்தாரைகளும் இன்றும் மக்களின் தாகம் தீர்க்கின்றன. தமிழ்நாட்டில் நீலகிரி, கொல்லிமலை, பழனிமலை, சேர்வராயன் மலை போன்ற இடங்களில் பல குக்கிராமங்கள் ஊற்றிலோ சுனையிலோ குழாய் பதித்துக் கொண்டுவந்த நீரையே குடிக்கின்றன.

ஊற்று நீர் தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் இருப்பதால் அதைத் தூய நீர் என்று நம்பும் வழக்கம் எங்கும் உண்டு. பல ஊற்றுகளில் அந்த நம்பிக்கை சரியாகவும் இருக்கிறது. ஆனால் நோய் பரப்பும் கிருமியும், குழந்தைக்குக் கேடு செய்யும் நைட்ரேட்டும் கண்ணுக்குத் தெரியாதவை, நாவுக்கும் தெரியாதவை. ஊற்றுக்கு மேலே உள்ள சரிவு, அங்கே நடக்கும் வேலைகள், பருவம், நீரில் கரைந்துள்ள பொருள்கள், கிருமிகள், வீட்டுக் குடம் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஓர் ஊற்றின் நீர் குடிக்கத் தக்கதா என்று சொல்ல முடியும். இதில் பெரும்பகுதியை ஊர் மக்களே செய்துகொள்ளலாம்.

நீர் வந்த வழி

மண் ஒரு நல்ல வடிகட்டி. தடித்த மண்ணடுக்கின் வழியே நீர் மெல்ல இறங்கும்போது கலங்கல் நீங்குகிறது. நோய்க் கிருமிகளில் பெரும்பாலானவை மண் துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன அல்லது நாள்போக்கில் மடிகின்றன. இதற்குப் போதிய தடிமனும் நேரமும் தேவை. மண் மெல்லியதாக இருந்தாலோ, பாறையில் அகன்ற பிளவுகள் இருந்தாலோ, மேலே விழுந்த அழுக்கு சில மணி நேரத்திலேயே ஊற்றுக்கண்ணை எட்டிவிடும். சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளில் இந்த ஆபத்து மிக அதிகம். சுண்ணாம்புக் கல்லை நீர் கரைத்துக் குகைகளையும் குழாய் போன்ற வழிகளையும் உண்டாக்கிவிடுவதால், அங்கே நிலத்தடி நீர் வடிகட்டப்படாமலே ஓடுகிறது.

இதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி சுவிட்சர்லாந்தில் நடந்தது. பாசெல் நகருக்கு அருகில் உள்ள லவுசென் கிராமத்தில் 1872 ஆகஸ்டில் டைபாய்டு காய்ச்சல் பரவியது. சுமார் 800 பேர் வாழ்ந்த ஊரில் ஏறத்தாழ 130 பேர் படுத்தனர். ஊர் முழுவதும் ஓர் ஊற்றின் நீரைக் குடித்தது. சொந்தக் கிணறு வைத்திருந்த சில வீடுகளில் மட்டும் காய்ச்சல் வரவில்லை. ஊற்றோ தெளிவாகவே ஓடிக்கொண்டிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளத்தாக்கில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே ஏற்கெனவே டைபாய்டு வந்திருந்தது; பண்ணை வீட்டின் கழிவு அருகில் இருந்த ஓடையில் கலந்தது. ஜூலையில் அந்த ஓடை நீரைப் புல்வெளிக்குப் பாய்ச்சினார்கள். சில வாரங்களில் மலைக்கு இந்தப் பக்கம் காய்ச்சல் தொடங்கியது.

பாசெல் மருத்துவர் ஹேக்லர் இதைச் சோதித்துப் பார்த்தார். பண்ணைப் பக்கத்தில் நீர் நிலத்துக்குள் மறையும் இடத்தில் மூட்டை மூட்டையாக உப்பைக் கரைத்துவிட்டார்கள். லவுசென் ஊற்றில் உப்பு வெளிப்பட்டது. இரண்டு பக்கமும் நிலத்தடியில் இணைந்திருந்தன என்பது உறுதியாயிற்று. அடுத்து ஏராளமான மாவைக் கரைத்துவிட்டார்கள். மாவு ஊற்றில் வரவே இல்லை. மாவுத் துகளைத் தடுத்து நிறுத்திய மண், அதைவிட மிகச் சிறிய டைபாய்டு கிருமிக்கு வழிவிட்டிருந்தது. தெளிவான நீர் தூய நீராகத்தான் இருக்கும் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பாறையின் இயல்பு நீரின் சுவையையும் தீர்மானிக்கிறது. நீலகிரியின் அடிப்பாறையான சார்னோகைட் எளிதில் கரையாதது. அதனால் இத்தகைய பாறையில் ஊறும் நீரில் உப்புகள் குறைவு. பல இடங்களில் சற்றே காடித்தன்மையும் இருக்கும். சுண்ணாம்புப் பாறையில் ஊறும் நீர் கடின நீர். அதில் சோப்பு எளிதில் நுரைக்காது. எரிமலைப் பாறைகள் நிறைந்த கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில் பல ஊற்றுகளில் புளூரைடு மிகுந்திருக்கிறது. வெந்நீர் ஊற்றுகளில் புளூரைடும் ஆர்செனிக்கும் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு என்பதால், பரிசோதிக்காமல் அவற்றைக் குடிநீராகக் கொள்ளக்கூடாது.

முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும்

தர மதிப்பீடு ஆய்வகத்தில் தொடங்குவதில்லை. ஊற்றுக்கண் அருகில் தொடங்குகிறது. சுகாதார நோட்டம் என்று சொல்லத்தக்க இந்தப் பணிக்கு உலக சுகாதார நிறுவனம் எளிய கேள்வித்தாள் ஒன்றை வகுத்துள்ளது. ஆம், இல்லை என்று விடை சொல்லக்கூடிய சில கேள்விகள். 'ஆம்' என்ற விடைகள் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. ஊற்றுக்கு அவற்றை இப்படித் தொகுக்கலாம்:

- ஊற்றுக்கண் மூடப்படாமல் திறந்து கிடக்கிறதா?
- ஊற்றைச் சுற்றிய கட்டுமானத்தில் விரிசலோ உடைப்போ உள்ளதா?
- ஊற்றுத் தொட்டிக்குப் பின்னால் உள்ள மண் அரித்துப் போயிருக்கிறதா?
- சிந்தும் நீர் வடியாமல் ஊற்றடியிலேயே தேங்குகிறதா?
- வேலி இல்லையா, அல்லது பழுதாகி உள்ளதா?
- ஆடு மாடுகள் 10 மீட்டருக்குள் வர முடிகிறதா?
- மேட்டுப் பக்கத்தில் கழிப்பறையோ மலக்குழியோ உள்ளதா?
- மேட்டுப் பக்கத்தில் மழைநீர் தேங்குகிறதா?
- மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் இல்லையா, அல்லது தூர்ந்துவிட்டதா?
- குப்பைமேடு, தொழுவம், உரமிட்ட வயல், துணி துவைக்கும் இடம் என வேறு மாசு ஏதும் மேலே உள்ளதா?

இந்தப் பத்துக் கேள்விகளுக்கு விடை காணச் செலவு ஏதும் இல்லை. சரிவில் மேல்நோக்கி நடந்து பார்த்தால் போதும். ஊற்றடியில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாத பல விஷயங்கள் அந்த நடையில் தெரியவரும். ஒரு வளைவுக்கு மேலே புதிதாகக் கட்டிய விடுதியின் மலக்குழி இருக்கலாம். தேயிலைத் தோட்டத்துக்கோ உருளைக்கிழங்கு, கேரட் வயலுக்கோ உரமும் பூச்சிமருந்தும் இடும் சரிவு ஊற்றுக்கு நேர் மேலே அமைந்திருக்கலாம். கழிப்பறைக்கும் நீர்நிலைக்கும் இடையே 30 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. பிளவு விழுந்த பாறையில் அந்தத் தூரமும் போதாது. லவுசெனில் நோய் ஒரு மலையையே கடந்து வந்தது.

ஊரில் மூத்தவர்களிடம் கேட்டறிவதும் இந்த நோட்டத்தின் பகுதியே. மழை பெய்த எத்தனை நேரத்தில் ஊற்று கலங்குகிறது, கோடையில் எவ்வளவு குறைகிறது, எந்த மாதத்தில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கூடுகிறது என்பவற்றுக்கு அவர்களிடம் விடை இருக்கும். மழை பெய்த உடனே கலங்கி, அளவும் பெருகும் ஊற்றில் மேற்பரப்பு நீர் நேராகக் கலக்கிறது. மழைக்கும் கோடைக்கும் பெரிதும் மாறாத ஊற்று ஆழத்திலிருந்து மெல்ல வருகிறது. அது ஒப்பளவில் பாதுகாப்பானது.

கண்ணும் மூக்கும் நாவும்

புலன்களுக்கு எட்டும் குறிகளைப் புறக்கணிக்கக் கூடாது. கலங்கல் என்பது மண் துகள்கள் மட்டுமன்று. கிருமிகள் அந்தத் துகள்களில் ஒட்டி மறைந்து கொள்வதால் குளோரின் அவற்றை எட்டாது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, கலங்கலின் ஏற்கத்தக்க அளவை 1 அலகு என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 5 அலகு வரை பொறுக்கலாம் என்றும் வரையறுக்கிறது.

துருவின் செந்நிறக் கறை, வெள்ளைத் துணியில் பழுப்புத் திட்டு, தேநீர் வழக்கத்தைவிடக் கறுத்துப் போவது ஆகியவை இரும்பைக் காட்டும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே இரும்பு துணியில் கறை படியச் செய்யும். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் அடையாளம். பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு படிந்தால் அது கடின நீர். இவற்றில் பல, உடலுக்குக் கெடுதலைவிட வாய்க்கும் வீட்டு வேலைக்கும் சங்கடம் தருபவை.

டி.டி.எஸ். மீட்டர் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊர்ப்புறம் வரை பரவியிருக்கிறது. நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத்தான் அந்தக் கருவி காட்டுகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லையென்றால் 2,000 வரை பொறுக்கலாம். மலை ஊற்றுகளில் இந்த எண் பெரும்பாலும் மிகக் குறைவாகவே வரும். எண் குறைவாக இருப்பதால் நீர் சுத்தம் என்று முடிவு கட்டக்கூடாது. சாக்கடை கலந்த நீரும் குறைந்த டி.டி.எஸ். காட்டலாம். கிருமியைப் பற்றி அந்தக் கருவி எதுவும் சொல்வதில்லை. ஒரே ஊற்றைத் தொடர்ந்து அளந்துவருவதற்கு அது உதவும்: எண் திடீரென மாறினால், ஊற்றில் புதிதாக ஏதோ கலக்கிறது என்று கொள்ளலாம்.

கரைந்துள்ள பொருள்கள்

நீரின் காடி, கார நிலையைக் காட்டும் பி.எச். 6.5க்கும் 8.5க்கும் இடையில் இருக்க வேண்டும். மலை ஊற்றுகள் பலவற்றில் இது 6.5க்குச் சற்றுக் கீழே இருக்கக்கூடும். அதனால் குடிப்பவருக்கு நேரடிக் கேடு இல்லை. ஆனால் காடி நீர் உலோகக் குழாய்களை அரித்து உலோகத்தைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம்; பொறுக்கத்தக்க மேல் எல்லை 600.

நைட்ரேட்டைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும். உரம், சாணக் குவியல், மலக்குழி ஆகிய மூன்றும் நிலத்தடி நீரில் நைட்ரேட்டைச் சேர்ப்பவை. இந்தியத் தரத்தின்படி லிட்டருக்கு 45 மில்லிகிராமே எல்லை. இதில் தளர்வு இல்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட பச்சிளம் குழந்தைக்கு இந்த அளவைத் தாண்டிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கும் நிலை ஏற்படலாம். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஊற்றில் நைட்ரேட் ஆண்டுக்கு ஆண்டு ஏறினால், மேலே உள்ள நிலத்தின் பயன்பாடு மாறுகிறது என்று பொருள்.

புளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, 1.5ஐத் தாண்டக்கூடாது. நீண்ட காலம் மிகுதியாக உட்கொண்டால் பல்லில் பழுப்புக் கறையும், பிறகு எலும்பில் இறுக்கமும் உண்டாகும். ஆர்செனிக்குக்கு 0.01 மில்லிகிராமே எல்லை. இவை இரண்டும் பாறையிலிருந்து வருபவை. பருவத்துக்குப் பருவம் கிருமிகளைப் போல வேகமாக மாறாதவை. ஆகவே புதிய ஊற்று ஒன்றைக் குடிநீருக்கு எடுக்கும் முன் இவற்றை ஆய்வகத்தில் ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிடுவது முறை.

2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு கள ஆய்வுப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தர வழி செய்கிறது. அந்தப் பெட்டியில் உள்ள சொட்டு மருந்துகளும் நிற அட்டைகளும் பி.எச்., கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், புளூரைடு, இரும்பு, எஞ்சிய குளோரின் போன்றவற்றைத் தோராயமாகக் காட்டும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை என்பதால் பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். மருந்தின் காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும். எல்லையை ஒட்டிய முடிவு வந்தால் ஆய்வகத்தில் உறுதி செய்துகொள்வதே சரி. தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டங்களில் இயங்குகின்றன.

கிருமிகள்

ஊற்று நீரால் வரும் நோய்களில் மிகப் பெரும்பாலானவை மலக் கிருமிகளால் வருபவை: வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை. இவற்றை உண்டாக்கும் ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியே தேடுவது கடினம், செலவும் மிகுதி. அதனால் மனிதர், விலங்குகளின் குடலில் கோடிக்கணக்கில் வாழும் இ.கோலை என்னும் பாக்டீரியாவைத் தேடுகிறார்கள். ஜெர்மன் மருத்துவர் தியோடோர் எஷெரிக் 1885இல் விவரித்த கிருமி இது. நீரில் இ.கோலை இருந்தால் அதில் அண்மையில் மலம் கலந்திருக்கிறது. மலத்தோடு நோய்க் கிருமியும் வந்திருக்கலாம். 100 மில்லிலிட்டர் நீரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதே இந்தியத் தரமும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும்.

ஆய்வகத்தில் 100 மில்லிலிட்டர் நீரை மிக நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வு வழியே இழுக்கிறார்கள். கிருமிகள் சவ்வின் மேல் தங்கிவிடும். சவ்வை ஊட்டக்கூழின் மேல் வைத்து 44 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் ஒருநாள் வைத்தால், ஒவ்வொரு கிருமியும் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகிறது. புள்ளிகளை எண்ணினால் விடை கிடைத்துவிடும். எண்ணிக்கை 1 முதல் 10 வரை என்றால் ஓரளவு ஆபத்து. 11 முதல் 100 வரை என்றால் அதிகம். அதற்கு மேல் மிக அதிகம் என்று வகைப்படுத்துவது உலக வழக்கம்.

ஆய்வகம் தொலைவில் உள்ள ஊருக்கென்றே இந்தியாவில் உருவான ஒரு சோதனை உண்டு. மஞ்சா, மௌர்யா, ராவ் ஆகிய மூவர் 1982இல் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்பைடு சோதனை அது. சிறு கண்ணாடிக் குப்பியில், ஊட்டப் பொருளும் இரும்பு உப்பும் தயோசல்பேட்டும் ஊறவைத்து உலர்த்திய காகிதத் துண்டு ஒன்று இருக்கும். கோடு வரை ஊற்று நீரை நிரப்பி மூடி, மெல்லக் குலுக்கி, கதகதப்பான இடத்தில் வைக்க வேண்டும். குடலில் வாழும் பல பாக்டீரியாக்கள் பெருகும்போது ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடும். அது இரும்போடு சேர்ந்து கருமையாகும். தொடக்கத்தில் வெளிர் மஞ்சளாக இருந்த நீர், காகிதத்தின் ஓரத்தில் முதலில் கறுத்து, பிறகு குப்பி முழுவதும் மை போலாகிவிடும். 24 மணி நேரத்துக்குள் கறுத்தால் மாசு மிகுதி. 48 மணி நேரம் வரையிலும் கறுக்காவிட்டால் மலக் கலப்பு தென்படவில்லை என்று கொள்ளலாம். படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும் விடை என்பதே இந்தச் சோதனையின் பெருமை.

அதன் எல்லைகளையும் அறிந்திருக்க வேண்டும். மலத்தோடு தொடர்பில்லாத சில மண் பாக்டீரியாக்களும் குப்பியைக் கறுக்கச் செய்யும். முட்டை நாற்றம் வீசும் ஊற்றிலோ கிருமி இல்லாமலேயே கறுத்துவிடும். குளிர் மிகுந்த மலையூரில் கிருமிகள் மெல்லப் பெருகுவதால் அவசரப்பட்டு முடிவு செய்யக்கூடாது. சோதனை முடிந்த குப்பியில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிக் கொன்ற பிறகே, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் அப்புறப்படுத்த வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறை

சோதனை எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், மாதிரி தவறாக எடுக்கப்பட்டால் முடிவும் தவறும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும், கிருமி நீக்கிய குப்பியே வேண்டும். குளிர்பானப் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவருவது உதவாது. எடுப்பவர் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். குழாய் என்றால் வாயைத் துடைத்து, உலோகமாக இருந்தால் நெருப்பில் சுட்டு, இரண்டு நிமிடம் நீரை ஓடவிட வேண்டும். திறந்த ஊற்று என்றால் அடிமண்ணைக் கிளறாமல், நீர் வரும் திசை நோக்கிக் குப்பியின் வாயைப் பிடிக்க வேண்டும். மூடியின் உட்புறத்தைத் தொடக்கூடாது, தரையிலும் வைக்கக்கூடாது. குலுக்குவதற்காகச் சற்றுக் காலியிடம் விட்டு நிரப்பி உடனே மூட வேண்டும்.

குப்பியில் ஊற்றின் பெயர், இடம், தேதி, நேரம், முந்தைய நாள் மழை பெய்ததா என்ற குறிப்பு ஆகியவற்றை எழுதி, பனிக்கட்டி வைத்த பெட்டியில் இருட்டில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்ப்பது நல்லது. எப்படியும் 24 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. குளோரின் கலந்த நீர் என்றால் குப்பியில் முன்பே சோடியம் தயோசல்பேட் இட்டிருக்க வேண்டும். இல்லையெனில் வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்றுவிட்டு, தவறான நிம்மதியைத் தரும்.

எப்போது, எத்தனை முறை

கோடையில் எடுத்த ஒரு மாதிரியில் கிருமி இல்லை என்பதால் ஆண்டு முழுவதும் ஊற்று நல்லது என்று கொள்ள முடியாது. வறண்ட மாதங்களில் சரிவில் சேர்ந்த மலமும் சாணமும் குப்பையும் முதல் பெருமழையில் அடித்துக்கொண்டு வருகின்றன. ஆண்டில் நீர் மிக மோசமாக இருக்கும் நாள்கள் அவை. நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை ஜூனிலும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலும் தொடங்குவதால், அங்கே இரண்டு தொடக்கங்களிலும் மாதிரி எடுக்க வேண்டும். மழைக்கு முன், முதல் மழைக்குப் பின், மழை ஓய்ந்த பின் என மூன்று காலத்திலாவது கிருமிச் சோதனை செய்தால் ஊற்றின் இயல்பு விளங்கும்.

அதே நாளில் நீரின் அளவையும் குறித்துவைக்க வேண்டும். இதற்கு ஒரு வாளியும் கைப்பேசியில் உள்ள கடிகாரமும் போதும். 10 லிட்டர் வாளி 40 நொடியில் நிறைந்தால், நிமிடத்துக்கு 15 லிட்டர். ஒரு நாளைக்கு 21,600 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற ஜல் ஜீவன் கணக்கின்படி ஏறக்குறைய 390 பேருக்குப் போதுமான நீர் அது. அளவும் தரமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை: ஊற்று வற்ற வற்ற மாசின் செறிவு கூடும், மக்கள் வேறு, பாதுகாப்பற்ற நீரைத் தேடிப் போகவும் நேரும்.

ஊற்றிலிருந்து குடம் வரை

கென்யாவின் மேற்குப் பகுதியில் ஏறத்தாழ 200 ஊற்றுகளில் நடந்த ஆய்வு ஒன்று மதிப்பீட்டின் பார்வையையே விரிவாக்கியது. பின்னாளில் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரமரும் மற்றவர்களும் 2011இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். ஊற்றுக்கண்ணை மூடி, கட்டுமானம் எழுப்பிப் பாதுகாத்தபோது ஊற்று நீரில் இ.கோலை மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. அதே நீரை வீட்டில் சோதித்தபோது குறைவு கால் பங்குதான். குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. அது சிறிய நன்மை அல்ல. ஆயினும் வழியிலும் வீட்டிலும் மாசு மறுபடி சேர்ந்துவிடுகிறது என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது.

அகன்ற வாய்ப் பாத்திரம், மூடாத குடம், உள்ளே கை நனைய மொள்ளும் சொம்பு, ஊற்றடியில் கழுவாமல் நிரப்பும் பிளாஸ்டிக் குடம் ஆகியவையே இதற்குக் காரணம். ஆகவே ஊற்றில் ஒரு மாதிரி எடுக்கும்போது, அந்த நீரைக் குடிக்கும் சில வீடுகளின் குடங்களிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும். ஊற்றில் கிருமி இல்லாமல் குடத்தில் இருந்தால் திருத்த வேண்டியது வீட்டில். இரண்டிலும் இருந்தால் வேலை ஊற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

முடிவுகளை வைத்துச் செய்ய வேண்டியவை

சுகாதார நோட்டத்தையும் கிருமிச் சோதனையையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். நோட்டத்தில் குறைகள் பல, சோதனையில் கிருமி இல்லை என்றால் ஆபத்து இன்னும் வரவில்லை என்பதே பொருள்; குறைகளை உடனே சரிசெய்ய வேண்டும். நோட்டத்தில் குறை தெரியவில்லை, ஆனால் கிருமி இருக்கிறது என்றால், கண்ணில் படாத வழி ஒன்று உண்டு. சரிவில் இன்னும் மேலே போய்த் தேட வேண்டும்.

ஊற்றைப் பாதுகாக்கும் கட்டுமானம் எளிமையானது. ஊற்றுக்கண் வரை தோண்டி, அதைச் சுற்றி ஜல்லி நிரப்பி, மேலே களிமண்ணால் அடைத்து, முன்பக்கம் சுவர் எழுப்பி, பூட்டக்கூடிய மூடி கொண்ட தொட்டி கட்டப்படுகிறது. வெளிக்குழாயும், வலை பொருத்திய வழிவுக்குழாயும் வைக்கிறார்கள். மேட்டுப் பக்கத்தில் மழைநீரைத் திருப்பும் வாய்க்காலும் சுற்றிலும் வேலியும் இடுகிறார்கள். தொட்டியின் நீர்மட்டம் ஊற்றுக்கண்ணின் இயல்பான மட்டத்துக்கு மேலே ஏறக்கூடாது; ஏறினால் அழுத்தம் தாங்காமல் ஊற்று வேறு வழி தேடிக்கொண்டு போய்விடும்.

கட்டுமானத்துக்குப் பிறகும் கிருமி இருந்தால் தொட்டியில் குளோரின் இடலாம். நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் என்பது பொதுவான தொடக்க அளவு. அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று சோதித்து அளவைக் கூட்டியோ குறைத்தோ கொள்ள வேண்டும். நீர் கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவைக்க வேண்டும். வீட்டில் கொதிக்கவைப்பது நம்பத்தக்க வழி. நீர் தளதளவென்று கொதி வந்தால் நோய்க் கிருமிகள் மடியும். விறகு அரிதான இடத்தில், தெளிந்த நீரை ஒளி ஊடுருவும் பெட் பாட்டிலில் நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் படுக்க வைக்கலாம். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள் வேண்டும்.

நைட்ரேட், புளூரைடு, ஆர்செனிக் மிகுந்த ஊற்றுக்கு இந்த வழிகள் எதுவும் பயன்படாது. குடிக்கவும் சமைக்கவும் வேறு நீரை ஏற்பாடு செய்துவிட்டு, அந்த ஊற்றைத் துவைக்கவும் பாசனத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

நீண்ட காலத் தீர்வு ஊற்றின் நீரேந்து சரிவைக் காப்பதில் உள்ளது. எந்தச் சரிவில் பெய்யும் மழை எந்த ஊற்றில் வருகிறது என்று பாறை அமைப்பைப் படித்து அறிந்து, அந்தச் சரிவைப் பாதுகாக்கும் பணியைச் சிக்கிம் மாநிலம் 2008 முதல் 'தாரா விகாஸ்' என்ற பெயரில் செய்துவருகிறது. நீர் பெருக்குவதற்காகத் தொடங்கிய இந்த அணுகுமுறை தரத்துக்கும் பொருந்தும்: மழை இறங்கும் இடத்தில் மலக்குழியும் மிகை உரமும் இல்லையென்றால் ஊற்றில் இறங்கும் மாசும் குறையும்.

இவை அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் ஊர் பதிவுசெய்து வர வேண்டும். தேதி, மழை, வாளி நிறைந்த நொடிகள், கலங்கல், டி.டி.எஸ்., குப்பி கறுத்ததா, நைட்ரேட், நோட்டத்தில் கண்ட குறைகள், செய்த திருத்தங்கள் என்று ஒரு பக்கத்தில் அடங்கும் செய்திகள் இவை. இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்தால், தங்கள் ஊற்று எந்த மாதத்தில் நம்பத்தக்கது, எப்போது கொதிக்கவைத்தே ஆக வேண்டும், மேலே எந்த மாற்றம் அதைக் கெடுக்கிறது என்று ஊராரே ஆதாரத்தோடு சொல்ல முடியும். ஊராட்சியிடமும் அரசு அலுவலகத்திலும் கோரிக்கை வைக்கும்போது அந்தக் குறிப்பேடே அவர்களுக்கு வலுவான சான்றாகும்.